பல் டப்பாவில் பதினான்கு ரோஜா விதைகள்

ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு அத்துப்படி. முகம் ஒன்றுகூடத் தெரியாது. பல் செட் செய்கிறவர்களின் பிழைப்பு அப்படி. பல் டாக்டர் ஈறுக்கு அச்செடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையாக்குவார்; தாடையின் மேல் மெழுகு வைத்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, வாயில் வைத்துப் பார்க்கத் திருப்பி அனுப்புவார். சரியாக உட்கார்ந்தால் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கெட்டியான இளஞ்சிவப்பு பிளாஸ்டிக்கை வார்ப்பார். அந்த வாய் எந்த மூஞ்சியில் இருக்கிறது, அது சிரிக்கிற மூஞ்சியா சிடுசிடுக்கிற மூஞ்சியா என்பதெல்லாம் டாக்டர் பாடு. கூடவே வரும் சீட்டில் ஆணா பெண்ணா, வயது என்ன என்று எழுதியிருக்கும். அது போதும் என்பது அவருடைய கட்சி. இருபத்தாறு வருஷமாகப் போதுமாகத்தான் இருந்தது.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் மேசை, மேசையில் சிறு அடுப்பு, மெழுகுக் கத்திகள், ராவுகிற மோட்டார், எதன்மேல் கை வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைத் தூள். சுவரில் ஒரு கம்பியில் பதினாறு பொய்ப் பற்கள் வரிசையாகத் தொங்கும். வெளுத்ததில் தொடங்கிப் பழுப்பு வரைக்கும் பதினாறு நிறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். டாக்டரிடம் செட் கட்டிக்கொள்ள வருகிறவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் முதல் எண்ணைக் கேட்பார்கள். இவர் தரமாட்டார். வயதைப் பார்த்து நாலோ ஆறோ எட்டோ வைத்து அனுப்புவார். ஏன் என்று டாக்டர் கேட்டால் ஒரே பதில்தான்.

"வெள்ளைன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. சுவத்துக்கு அடிச்சாத்தான் உண்டு."

அவருடைய மனைவி ஒரு லாரி கம்பெனி அலுவலகத்தில் போன் எடுத்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர். வீட்டுக்கு வந்தபின் நிறத்தைப் பற்றி விவாதிக்க அவருக்குத் தெம்பு இருப்பதில்லை. "சரிங்க, வெள்ளை கிடையாது. துணி காயப் போட்டிருக்கேன், அதையாவது எடுத்து வைங்க" என்பார்.

ரோஜா இந்த நிறப் பைத்தியத்தில்தான் வந்து சேர்ந்தது. அவருக்குப் பிடித்தது இரண்டாம் எண். பால் வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள், அதற்கு மேல் சாம்பல் விழுந்ததா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவு சாம்பல். உயிருள்ள வெள்ளை அதுதான் என்பார். அந்த நிறத்தில் ஒரு ரோஜா வேண்டும் என்று நாற்றுப் பண்ணைக்காரரிடம் கேட்டார். பண்ணைக்காரர் நாலு வெள்ளைச் செடிகளைக் காட்டினார். நாலும் சுண்ணாம்பு.

"நீங்க கேக்கற கலர்ல சரக்கு வர்றதில்ல சார். குச்சி வெட்டி வெச்சா தாய்ச் செடி என்னவோ அதேதான் வரும். ஒட்டுப் போட்டாலும் அதேதான்."

"விதை போட்டா?"

பண்ணைக்காரர் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "விதை போட்டா என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? ஒவ்வொண்ணும் ஒரு ஜாதி. நூறு போட்டா நூறு விதம். யார் சார் வீட்டுல ரோஜாவ விதையில வளக்கறாங்க?"

அந்த 'யாருக்குத் தெரியும்' என்பதைக் கேட்டுத்தான் இவருக்கு உற்சாகம் பிறந்தது. நூறு விதம் என்றால் அதில் ஒரு விதம் இரண்டாம் எண்ணாக இருந்துதானே ஆகவேண்டும்.

வாசல் படிக்கட்டருகே ஒரு வெளிர் மஞ்சள் ரோஜா வைத்திருந்தார். அதில் மொட்டு விரியும் முன்பே இதழ்களை உரித்து, மெல்லிய இடுக்கியால் மகரந்தக் கம்பிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கினார். பின்னால் நின்று பார்த்த மனைவி, "அதுக்கும் பல்லப் புடுங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். மறுநாள் பல் டாக்டரின் கிளினிக் வாசலில் இருந்த வெள்ளை ரோஜாவிலிருந்து மகரந்தத்தை ஒரு காகிதத்தில் தட்டிக்கொண்டு வந்து, பீங்கான் பல்லுக்குச் சாயம் தீட்டும் நுனித் தூரிகையால் மஞ்சளின் நடுவில் தடவினார். தேனீ புகாமல் காகித உறை போட்டுக் கட்டினார். மூன்று பூக்களுக்கு இப்படிச் செய்ததில் இரண்டு பிஞ்சிலேயே வெம்பி உதிர்ந்துவிட்டன. ஒன்று மட்டும் காம்பில் நின்று, பச்சைக் காயாகப் பருத்து, நாலு மாதம் கழித்து ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. அறுத்துப் பார்த்தால் இருபத்து மூன்று விதைகள். தண்ணீரில் போட்டதில் ஒன்பது பதராக மிதந்தன. பதினான்கு அடியில் போய் உட்கார்ந்தன.

அந்தப் பதினான்குதான் மொத்தச் சொத்து என்பது அடுத்த வாரம் தெரிந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பினார். வந்தவர்கள் நன்றாகத்தான் அடித்தார்கள். போகும்போது தூரிகை கழுவிய தின்னரை எங்கே கொட்டுவது என்று யோசித்து, தரை கெட்டுவிடக் கூடாதே என்று பத்திரமாக மஞ்சள் ரோஜாத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனார்கள். மூன்றே நாளில் செடி கருகிப்போனது. பண்ணைக்காரரிடம் அந்த வகை இப்போது இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க வழியில்லை.

ரோஜா விதை முளைக்க வேண்டுமானால் அதைக் குளிரில் வைத்து ஏமாற்ற வேண்டும். இரண்டு மாதம் குளிர்ந்து கிடந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். ஈரக் காகிதத்தில் சுற்றிப் பல் டப்பா ஒன்றில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், கேரட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே ஏற்கெனவே அதே மாதிரி டப்பாக்கள் இருந்தன. வெயில் காலத்தில் மெழுகு இளகிப் பற்கள் சாய்ந்துவிடும் என்பதால், வைத்துப் பார்க்கப் போகவேண்டிய செட்களும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். அந்த வீட்டில் முட்டை எடுக்கப் போகிறவர்கள் நாலு பேருடைய சிரிப்பைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும்.

டப்பாவின் மேல் வெள்ளை டேப் ஒட்டித் தேதி எழுதுவது அவர் வழக்கம். வேலை தொடங்கிய தேதியை எழுத மாட்டார். கொடுக்க வேண்டிய தேதியைத்தான் எழுதுவார். விதை டப்பாவுக்கும் கை பழக்கத்தில் அதையே செய்தார். விதையை வெளியே எடுக்கவேண்டிய தேதியை, எட்டு வாரம் தள்ளி வரும் ஒரு வியாழக்கிழமையை, தெளிவாக எழுதி ஒட்டினார்.

இந்த எட்டு வாரத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கிளினிக்கிலிருந்து வந்த ஒரு சீட்டில் 'பெண், அறுபத்தெட்டு. முதல் எண் நிறம் கேட்கிறார்' என்று இருந்தது. இவர் ஏழாம் எண் வைத்து அனுப்பினார். திரும்பி வந்தது. 'பிடிக்கவில்லை. வெள்ளை வேண்டுமாம்.' இவர் ஆறாம் எண் வைத்து, சீட்டின் அடியில் 'வயதுக்கு ஒவ்வாது' என்று எழுதி அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. டாக்டர் போன் செய்தார்.

"சார், அவங்க பிடிவாதமா இருக்காங்க."

"நானும்தான் டாக்டர். கோயம்பேடு பஸ்ல ஏறினவரு டிரைவர் கிட்ட எந்த கியர் போடணும்னு சொல்றாரா?" என்று கேட்க வாயெடுத்து, டாக்டரிடம் அப்படிப் பேசக்கூடாது என்று நிறுத்திக்கொண்டு, "அஞ்சாம் நம்பர் வெச்சு அனுப்பறேன். அதுக்கு மேல என் கை ஏறாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த ஐந்தாம் எண் செட்டும் அதே வியாழக்கிழமைதான் போகவேண்டியது.

வியாழக்கிழமை காலையில் அவர் பிளாஸ்டர் மூட்டை வாங்கப் போயிருந்தார். கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காரும் பெண் ஸ்கூட்டரில் வந்து ஹாரன் அடித்தாள். மனைவி அவருக்குப் போன் போட்டார்.

"கீழ்த்தட்டுல இருக்கு பாரு. இன்னிக்கித் தேதி போட்ட டப்பாவ எடுத்துக் குடு" என்றார் இவர்.

மனைவி பார்த்தார். முன்னால் இருந்த டப்பாவில் இன்றைய தேதி. எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த டப்பாவுக்குப் பின்னால் இன்றைய தேதி போட்ட இன்னொரு டப்பா இருக்கும் என்று யார் கண்டது?

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டபோது இவர் ராவிக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டார். டாக்டரால் உடனே பேச முடியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது இந்தப் பக்கமே தெரிந்தது.

"சார், அந்த அம்மா வாயத் திறந்து உக்காந்திருக்காங்க. நான் டப்பாவத் திறக்கறேன். உள்ள ஈரப் பேப்பர். பேப்பரப் பிரிச்சா வெள்ளை வெள்ளையா குட்டிப் பல்லு மாதிரி என்னமோ முளைச்சிருக்கு. பயந்தே போயிட்டேன்."

இவருக்கு ஒரு கணம் சந்தோஷம்தான் முதலில் வந்தது. முளைத்துவிட்டது. பிறகுதான் மற்றது உறைத்தது.

"டப்பா எங்க டாக்டர்?"

"அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னா?"

"'முளை விட்டாச்சு, இன்னும் டப்பாவுல வெச்சிருந்தா அழுகிடும், என் பேருக்கு வந்ததுதானே, நான் கொண்டு போறேன்'னாங்க. நான் என்ன சொல்ல முடியும்? மூணாவது தடவையா பல்லு இல்லாம திருப்பி அனுப்பறேன். விதையாவது குடுக்காம எப்படி?"

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை விசாரணை என்று சொல்வதற்கில்லை, குற்றவாளி யார் என்பது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டதால்.

"தேதி பாத்துக் குடுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"தேதி எழுதினது யாரு?"

"நான்தான்மா."

"அப்ப என்னைய எதுக்குங்க அப்படிப் பாக்கறீங்க? ஆபீஸ்ல நான் ஒரு லாரியத் தப்பா அனுப்பினது கிடையாது. உங்க ஃப்ரிட்ஜ்ல வந்துதான் மாட்டணுமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் இறங்கி, "போய்க் கேளுங்க. ஆள முழுங்கிடவா போறாங்க? பல்லே உங்ககிட்டதானே இருக்கு" என்றார்.

டாக்டர் மூலம் அனுமதி கேட்கப்பட்டது. பதில் உடனே வந்தது. 'வரச் சொல்லுங்கள். வரும்போது என் பல்லையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.'

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மெழுகு செட்டை ஐஸ் பொட்டலத்துக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். சுவரில் தொங்கும் பதினாறு பல் நிறப்பட்டையையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாளுக்கு எதிரே ஒவ்வொரு பல்லாகக் காட்டி, ஐந்தாம் எண்தான் சரி என்று நிரூபித்து, விதைகளை வாங்கிக்கொண்டு வருவது என்று திட்டம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வாய்க்குச் சொந்தக்காரரை அவர் தேடிப் போவது அதுதான் முதல் தடவை என்பது மாடிப்படி ஏறும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவர் நெடுநெடுவென்று உயரம்; தலை பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது; நல்ல கறுப்பு நிறம், கன்னத்தில் சுருக்கம் அதிகமில்லை. சீட்டில் இருந்த 'பெண், அறுபத்தெட்டு' என்பதை வைத்து இவர் மனதுக்குள் ஒரு குள்ளமான, வாடிய அம்மாளைப் பண்ணி வைத்திருந்தார். அந்த அம்மாள் இங்கே இல்லை.

"நீங்கதானா அந்த 'வயதுக்கு ஒவ்வாது'?"

குரலைக் கேட்டதும் இவர் படியிலேயே நின்றுவிட்டார். பல் இல்லாத வாயில் தகரமும் சகரமும் கொஞ்சம் வழுக்கின. தொழில்காரர் என்பதால் அதைக் கவனித்தார். ஆனால் அந்தக் குரல். பேருந்து நிலையத்தில் எத்தனை வருஷம் கேட்டிருப்பார்.

"நீங்க பஸ் ஸ்டாண்டுல..."

"முப்பத்தொரு வருஷம். கண்ணாடிக் கூண்டு, அதுக்குள்ள மைக். உள்ள வாங்க தம்பி. செருப்ப அங்க விடுங்க, வழியில மண்ணு கொட்டிக் கிடக்கு."

மண் ஏன் கொட்டிக் கிடந்தது என்பது பால்கனிக்குப் போனதும் தெரிந்தது. தரையிலும் கம்பியிலுமாக இருபது தொட்டிகள். நிழலான மூலையில் முட்டை அட்டை ஒன்று, ஒவ்வொரு குழியிலும் மண், ஒவ்வொரு குழியருகே ஐஸ்கிரீம் குச்சியில் ஒரு எண். ஒன்றிலிருந்து பதினான்கு வரை. வேர் நுனியைக் கீழ்ப்பக்கமாக வைத்து, மேலே மெல்லிசாக மணல் தூவியிருந்தது. இவர் செய்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது. அது அவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

வந்த காரியத்தைச் சொன்னார். மஞ்சள் செடி செத்துப்போனதை, பெயின்ட்காரர்களை, இரண்டாம் எண்ணை எல்லாம் சொன்னார்.

"அதனால பதினாலும் வேணும்மா. ஏழு குடுக்கறேன், எட்டு குடுக்கறேன்னா சரிப்படாது. எதுல அந்தக் கலர் இருக்குன்னு தெரியாது."

"எது வெள்ளை, எது மஞ்சள்னு இப்பப் பாத்தா தெரியாதா?"

"பூத்தாத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி சொல்றவன் பொய் சொல்றான்."

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். "சரி. அப்ப என் பல்லு மட்டும் என்னையப் பாக்காமலே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

இவர் வாயைத் திறந்தார். டாக்டரிடமும் மனைவியிடமும் ஆயிரம் தடவை சொன்ன பதில் நுனிநாக்கில் இருந்தது. அதைச் சொல்ல எதிரே இருந்த முகம் இடம் தரவில்லை.

"முப்பத்தொரு வருஷம் ஊரே என் குரலக் கேட்டுச்சு" என்றார் அந்த அம்மாள். "மூஞ்சிய யாரும் பாத்தது கிடையாது. கூண்டுக் கண்ணாடிக்கு வெளிய போஸ்டர் ஒட்டிடுவாங்க. இப்ப வெளிய வரேன், நாலு பேரப் பாக்கறேன், சிரிக்கறேன். எப்படிச் சிரிக்கணும்னு நான் சொல்லக் கூடாதா? உங்க ரோஜா உங்க இஷ்டம்னா என் பல்லு என் இஷ்டம்."

இவர் சட்டைப் பையிலிருந்து நிறப்பட்டையை எடுத்தார். "வெளிச்சத்துக்கு வாங்க" என்றார். பால்கனிக் கம்பியருகே நிற்க வைத்து, முதலில் ஐந்தாம் எண்ணை உதட்டோரம் பிடித்தார். முகம் களைத்துப்போனது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை இன்னும் இரண்டு மடங்கானது. ஆறையும் ஏழையும் பிடிக்கவே கை வரவில்லை. நாலு, மூன்று. தனக்குப் பிடித்த இரண்டைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கவேண்டும் என்று விரும்பினார் என்பதும் உண்மை. கடைசியில் முதல் எண். அந்தக் கறுப்புக்கும் அந்த வெண்தலைக்கும் நடுவே அது சுண்ணாம்பாக இல்லை. அங்கேயே பிறந்த மாதிரி இருந்தது.

"என்ன, மூச்சையே காணோம்?"

"ஒண்ணாம் நம்பர்தான்மா" என்றார். "நீங்க சொன்னது சரி."

"ரெண்டு மாசமா அதத்தானே சொல்றேன்."

"கோரைப் பல்லு ரெண்ட மட்டும் அரை நிறம் இறக்கி வைக்கறேன். எல்லாம் ஒரே கலரா இருந்தா செட்டுன்னு தெரிஞ்சிடும். இது யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிட்டேனே, அதனால தெரியும்."

அந்த அம்மாள் பல் இல்லாமலே சிரித்தார். "சரி, இறக்குங்க."

இனி விதை. முளை விட்ட வேரைத் தொட்டால் அறுந்துவிடும் என்பது இவருக்கே தெரியும். மண்ணில் இறங்கியதை இனி எடுக்க முடியாது. தன் வீட்டு வாசலில் தின்னர் வாடை இன்னும் போகவில்லை. இங்கே கிழக்கு வெயில். செடி இங்கேயே பூக்கட்டும் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. பூத்தபிறகு யாருக்கு எது என்பதில்தான் சிக்கல்.

"விதை உங்களது. மண்ணும் வெயிலும் என்னது" என்றார் அந்த அம்மாள். "ஆளுக்கு ஒண்ணா மாத்தி மாத்தி எடுப்போம்."

"யாரு முதல்ல எடுக்கறது?"

"நீங்களே சொல்லுங்க."

இவர் முட்டை அட்டையைப் பார்த்தார். முதல் தேர்வு தனக்கு என்று சொல்ல நியாயம் இருந்தது. தூரிகை பிடித்ததும் நாலு மாதம் காத்ததும் அவர். ஆனால் இரண்டு மாதம் ஒருவரைப் பல் இல்லாமல் உட்கார வைத்துவிட்டு அந்த நியாயத்தைப் பேச அவருக்கே சங்கடமாக இருந்தது.

"நீங்க எடுங்க முதல்ல" என்றார்.

"பாத்துச் சொல்லுங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறாது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு வருஷமா ரெண்டாம் நம்பர் ரெண்டாம் நம்பர்னு உயிர எடுத்தீங்க. அத முதல்ல எடுத்துக்கோன்னு குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"அந்தக் கலர் வருமான்னே தெரியாது."

"வந்தா?"

அவர் பட்டறைக்குப் போனார். கையில் இருந்த வேலையைப் பார்த்தார். செட்டை அந்த வாரமே முடித்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் எண் பற்களின் பெட்டியை அவர் திறந்தது அதுதான் முதல் தடவை. பெட்டியின் மூடி ஒட்டிக்கொண்டு வரவில்லை, கத்தியால் நெம்ப வேண்டியிருந்தது. கோரைப் பற்களை அரை நிறம் இறக்கினார். மெருகு போட்டு முடித்தபோது, யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்த வேலைக்குக் கை கொஞ்சம் வேறு மாதிரிதான் போகிறது என்று தோன்றியது. அடுத்த சீட்டு வந்தபோது டாக்டரைக் கூப்பிட்டு, "முகத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. வெளிச்சத்துல நிக்க வெச்சு எடுங்க" என்றார். டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்து யார் பேசுகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாராம்.

முளைக்கும் செய்தி போனில் வந்தது. பெரும்பாலும் மனைவிதான் எடுப்பார். "மூன்றாம் எண் கிளம்பிவிட்டது. ஏழாம் எண் புறப்படத் தயாராக உள்ளது" என்று அந்தப் பழைய குரல், இப்போது தகரம் வழுக்காமல், சுத்தமாகச் சொல்லும். மனைவிக்கு அதில் ஒரே குஷி. வேலைக்குப் போன புதிதில் தினமும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஓடி ஓடிப் பஸ் பிடித்தவர் அவர். "ஒரு நாள்கூட உங்க பஸ் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லயேக்கா" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். "நான் சொன்னது சரியான நேரம்தான். பஸ்தான் லேட்டா வந்துச்சு" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் ஞாயிறுதோறும் மனைவியும் கூடவே கிளம்பினார். இவர் செடியைப் பார்ப்பார். அவர்கள் இருவரும் உள்ளே டீ குடித்துக்கொண்டு இவரைப் பார்ப்பார்கள்.

பதினான்கில் பதினொன்று மண்ணுக்கு மேலே வந்தன. இரண்டு தண்டு அழுகிச் சாய்ந்தன. ஒன்று ஒரு வெயிலில் போனது. எட்டுச் செடிகள் தனித்தனித் தொட்டிக்குப் போய், விரல் நீளத்திலேயே மொட்டு வைத்தன. விதையில் வரும் ரோஜாவின் முதல் பூ குழந்தைப் பூ. காசு அகலம், பத்துப் பன்னிரண்டு இதழுக்கு மேல் தேறாது. ஆனால் நிறம் அதுதான். அதில் ஏமாற்று இல்லை.

ஒன்றாவது வெளிர் மஞ்சள். நாலாவது இளஞ்சிவப்பு, எங்கிருந்து வந்ததோ, இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் அந்த நிறம் கிடையாது. ஐந்தாவதும் எட்டாவதும் மஞ்சள். பன்னிரண்டாவது ஐந்தே இதழ் கொண்ட தூய வெள்ளை, நடுவில் மஞ்சள் கொத்து, காம்பு ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்து நின்றது. மூன்றாவதும் பதினொன்றாவதும் ஏதோ ஒரு வெளுத்த நிறம். ஏழாவதுதான் கடைசியாக மலர்ந்தது.

அன்று காலை போன் வந்ததும் கணவனும் மனைவியும் கிளம்பிப் போனார்கள். ஏழாவது தொட்டி கம்பியருகே இருந்தது. பால் வெள்ளை, ஒரு சொட்டு மஞ்சள், இதழின் ஓரத்தில் சாம்பல் உண்டா இல்லையா என்று கேட்கத் தோன்றும் ஒரு மங்கல். அவர் குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. சட்டைப் பையிலிருந்து எதையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தேவை இருக்கவில்லை.

"அதுவாங்க?" என்று மனைவி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அதுதான்."

"மூஞ்சியக் கொஞ்சம் சாதாரணமா வெச்சுக்குங்க."

அது முடிகிற காரியமாக இல்லை. அந்த அம்மாள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எட்டுத் தொட்டிகளையும் ஒரே வரிசையில் நகர்த்தி வைத்தார். அவசரமே படவில்லை. ஒன்றாவதில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குனிந்து, மோந்து, இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார். ஏழாவதருகே நின்றார். அங்கே நின்ற நேரத்தில் இவர் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துவிட்டன. ஒரு வார்த்தை, 'அது மட்டும் எனக்கு' என்று ஒரே வார்த்தை சொன்னால், கொடுத்துவிடக்கூடிய ஆள்தான் அந்த அம்மாள். இவர் சொல்லவில்லை. பேச்சு மாறாது என்று சொல்லியிருந்தார்.

அந்த அம்மாள் ஏழாவதைத் தாண்டிப் போய்ப் பன்னிரண்டாவதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இது எனக்கு. எனக்கு வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும்."

இவர் மூச்சு விட்டது உள்ளே அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

"இப்ப உங்க முறை. ஏன் தம்பி வேர்க்குது? அந்த அழுக்குத் துணிக் கலர்தானே உங்களுக்கு வேணும்? கதவத் திறந்ததுலேர்ந்து அதத்தானே முறைச்சுக்கிட்டு இருக்கீங்க."

"அதுதாம்மா" என்றார் அவர், ஏழாவதைக் கையில் எடுத்துக்கொண்டே. "அழுக்கு இல்ல. உயிர்."

"வெச்சுக்குங்க உங்க உயிர."

மற்ற ஆறும் கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிட்டன. இளஞ்சிவப்பை மனைவி இவரிடம் கேட்காமலே தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். டீ வந்தது. இவர் டீயைத் தொடாமல் ஏழாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறம் குறை சொல்ல முடியாது. ஆனால் காம்பு மெலிசு. இத்தனூண்டு பூவுக்கே கழுத்து தொங்கியது. பெரிய செடியாகிப் பெரிய பூ பூத்தால் தரையைத்தான் பார்க்கும். அடி இலையில் இப்போதே வெள்ளைப் பூசணம் பிடிக்கப் பார்க்கிறது. பக்கத்தில் பன்னிரண்டாவது ஆணி மாதிரி நின்றது. இலையில் ஒரு புள்ளி இல்லை.

"என்னங்க, கிடைச்சிடுச்சுல்ல? டீயக் குடிங்க."

"கழுத்து பத்தாது" என்றார்.

"எதுக்கு?"

"இதுக்கு. கலர் இருக்கு, கழுத்து இல்ல." அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க பன்னண்டாவதுலேர்ந்து கொஞ்சம் மகரந்தம் வேணும். அடுத்த தடவை பூக்கும்போது. இதுக்குப் போட்டா கழுத்து நிமிர்ந்து வரும்."

"எத்தனை மாசம் ஆகும்?"

"காய் பழுக்க நாலு. குளிர்ல ரெண்டு. முளைச்சுப் பூக்க ரெண்டு, மூணு."

"அப்புறம் அதுலயும் எனக்குத்தான் முதல் தேர்வு."

மனைவி டீ டம்ளரை வைத்துவிட்டு இவரைப் பார்த்தார். வரப்போகும் செடிகளில் எதை அந்த அம்மாள் எடுப்பார் என்று தன்னால் சொல்லிவிட முடியும் என்று இவருக்குத் தோன்றியது. அதே சமயம், முகத்தைப் பார்க்காமல் எதையும் சொல்லிவிட முடியாது என்பதையும் இந்த வருஷம்தான் படித்திருந்தார்.

"சரி" என்றார். "தூரிகை நான் கொண்டு வரேன்."

"டப்பாவும் கொண்டு வாங்க" என்றார் அந்த அம்மாள், பன்னிரண்டாவதை வெயில் படும் இடத்துக்கு நகர்த்திக்கொண்டே. "குளிர்ல வைக்கறது இந்தத் தடவை என் ஃப்ரிட்ஜ்ல."